காதல் கோட்டையில் கடிதம் எங்கே?

மன்னார்குடி ராஜகோபாலன் உற்சவராக எழுந்தருளும்போது பக்கத்தில் நிற்கிற இருவரில் ஒருத்தி ருக்மிணி. கண்ணனை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவன் குணத்தைக் காதால் கேட்டே மனத்தைக் கொடுத்தவள். சிசுபாலனுக்கு அவளை மணம் பேசிவிட்ட பிறகு, ஓர் அந்தணரைத் துவாரகைக்கு அனுப்புகிறாள். பாகவதத்தில் அவள் சொல்லியனுப்பியது ஏழே சுலோகம். உபன்யாசகர்கள் அதைக் கடிதம் என்றே சொல்லி நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். உன்னை வரித்துவிட்டேன் என்று வெட்கப்படாமல் சொல்கிறாள். அதோடு நிற்காமல், கல்யாணத்துக்கு முந்தின நாள் ஊருக்கு வெளியே அம்பிகை கோயிலுக்குப் போவோம், அங்கே வந்து என்னைக் கொண்டுபோ என்று நாளும் இடமும் குறித்துக் கொடுக்கிறாள். வராவிட்டால் உயிரை விடுவேன் என்று முடிக்கிறாள். காதல், துணிவு, திட்டம், ஆபத்து நான்கும் ஏழு சுலோகத்தில் இருக்கின்றன. கடிதத்தில் பிறந்த காதல் என்று யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும், நான் முதலில் வைத்துப் பார்க்கிற எடைக்கல் இது.

தமிழில் அந்த எடைக்கல்லுக்கு எதிர்த்தட்டில் வைக்க எது இருக்கிறது? நாகப்பட்டினத்தில் பிறந்த மறைமலையடிகள் 1921-லேயே ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ என்று கடிதங்களாலேயே ஆன நாவலைத் தந்துவிட்டார். அதற்குப் பிறகு கடிதம் வரும் நாவல்கள் நிறைய வந்தன. கடிதத்தையே முதுகெலும்பாகக் கொண்ட காதல் கதை எது என்று தெருவில் போகிறவரைக் கேட்டால், நாவல் பெயரைச் சொல்ல மாட்டார்; ‘காதல் கோட்டை’ என்பார். அகத்தியன் எழுதி இயக்கி 1996-ல் வெளிவந்த படம். அகத்தியன் நம் பக்கத்துக்காரர்தான்: பட்டுக்கோட்டையைத் தாண்டிய பேராவூரணி. சிறந்த இயக்கம், சிறந்த திரைக்கதை, சிறந்த தமிழ்ப் படம் என்று அந்த ஆண்டுக்கான மூன்று தேசிய விருதுகளை அது பெற்றது. அஜித்துக்கும் தேவயானிக்கும் முகவரி தந்த படமும் அதுதான். பார்க்காமலே காதல் என்ற பேச்சு அதன்பிறகு தமிழ்நாட்டில் ஒரு வகைமையாகவே நிலைத்தது. அதனால் புகழைத் தள்ளிவைத்துவிட்டு, இந்தக் காதல் உண்மையிலேயே கடிதத்தில்தான் பிறந்ததா என்ற ஒரே கேள்வியோடு அதை எடை போடலாம்.

கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். கமலி ஊட்டிப் பெண். அக்கா வீட்டில் இருந்துகொண்டு வேலை தேடுகிறாள். அவளுடைய சான்றிதழ்கள் தொலைகின்றன. அவை ஜெய்ப்பூரில் வேலை பார்க்கும் சூர்யாவின் கையில் கிடைக்கின்றன. அவன் தபாலில் அனுப்பி வைக்கிறான். நன்றி சொல்லி அவள் எழுத, அவன் பதில் எழுத, போக்குவரத்து தொடர்கிறது, காதலாகிறது. முகம் பார்க்காமலே நேசிப்பது என்று இருவரும் முடிவு செய்கிறார்கள். அவள் ஒரு ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். பிறகு இருவருமே சென்னைக்கு வந்து சேர்கிறார்கள். அவன் ஆட்டோ ஓட்டுகிறான். அவள் அதே ஆட்டோவில் ஏறுகிறாள். இன்னாரென்று இருவருக்கும் தெரியாது. கடைசியில் ரயில் நிலையத்தில் அந்த ஸ்வெட்டர் அடையாளம் காட்டுகிறது.

இதில் என்னை இன்றும் அசைக்கிற இடம் தொடக்கம். 1996-ல் வேலை தேடும் ஒரு பெண்ணுக்கு அசல் சான்றிதழ் என்றால் என்ன என்பது அந்தக் காலத்தில் படித்தவர்களுக்குத் தெரியும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை அது. மதிப்பெண் பட்டியல் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார், தாசில்தாரிடம் சான்று, கல்வித் துறைக்கு விண்ணப்பம் என்று அலைய வேண்டும். நகல் கைக்கு வருவதற்குள் நேர்முகத் தேர்வுகள் கடந்து போயிருக்கும். அப்படிப்பட்ட பொருளை, கைம்மாறு எதிர்பார்க்காமல், முன்பின் தெரியாத ஒருவன் தபால் செலவு செய்து அனுப்புகிறான். அந்த உறைக்குள் காதல் மொழி எதுவும் தேவையில்லை. அவன் யார் என்பதை அந்தக் காரியமே சொல்லிவிடுகிறது. தமிழ் சினிமாவில் நாயகன் நாயகியின் மனத்தில் இடம்பிடிக்க எத்தனையோ வழி உண்டு: வில்லனிடமிருந்து மீட்பது, துரத்தித் துரத்திப் பாடுவது, கேலி செய்து பணிய வைப்பது. நாணயம் ஒன்றாலேயே ஒருவன் காதலுக்குத் தகுதி பெறுகிறான் என்று காட்டியது பெரிய காரியம். அதற்காகவே இந்தப் படத்தை மதிக்கிறேன்.

அந்தத் தொடக்கத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. நம் ஊர்களில் அந்தக் காலத்தில் கல்யாணமாகாத பெண்ணின் பெயருக்கு ஓர் ஆணிடமிருந்து தபால் வந்தால் அது வீட்டுக்கே சேதி. தபால்காரர் திண்ணையில் நின்று பெயரைக் கூப்பிட்டுக் கொடுப்பார். யார் எழுதினது என்று நாலு பேர் கேட்பார்கள். கமலிக்கு வந்த முதல் உறையில் சான்றிதழ்கள் இருந்ததால் அது கேள்வி கேட்கப்படாமல் வாசலைத் தாண்டியிருக்கும். பதில் எழுதுவதும் மரியாதையாகிவிடுகிறது. ஒரு பெண் அந்நிய ஆணுக்குக் கடிதம் எழுதத் தொடங்குவதற்கு இதைவிட நியாயமான காரணத்தை வேறெந்தக் கதையும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. திரைக்கதைக்குக் கிடைத்த விருது இந்த ஓர் ஏற்பாட்டுக்கே தகும்.

சிக்கல் இரண்டாவது உறையிலிருந்து தொடங்குகிறது. அடுத்தடுத்த கடிதங்களில் இவர்கள் என்ன எழுதிக்கொண்டார்கள்? படத்தைப் பலமுறை பார்த்தவர்களையும் கேட்டிருக்கிறேன். கடிதத்தின் வழக்கமான நலம் விசாரிப்பையே பல்லவியாக்கிய தேவாவின் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம். ராஜஸ்தான் மணலும் ஊட்டிப் பச்சையும் மாறிமாறி வருவது, தங்கர் பச்சானின் ஒளிப்பதிவு தந்த அந்த இரண்டு வெளிச்சம், நினைவில் இருக்கிறது. ஒரு கடிதத்தின் ஒரு விவரமாவது நினைவிருக்கிறதா என்றால் தயங்குகிறார்கள். கமலி மட்டுமே எழுதக்கூடிய ஒரு வரி, சூர்யாவின் கைப்பழக்கம் தெரிகிற ஒரு சொல், அவள் எழுதியதைப் படித்து அவன் தன்னை மாற்றிக்கொண்ட ஓர் இடம் எனத் தேடினால் கையில் எதுவும் சிக்குவதில்லை. அன்பு, நம்பிக்கை, காத்திருப்பு என்ற பெரிய சொற்கள் போய்ப்போய் வருகின்றன. அந்தச் சொற்களை யார் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

ஒரு நல்ல கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்ற வழக்கில் காவிரிக் கரையில் ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியாகிவிட்டது. சொன்னவர் இளங்கோ. சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இரண்டு கடிதம் எழுதுகிறாள். புகார்க் கடற்கரையில் பிணங்கிப் பிரிந்தபின் எழுதுவது முதலாவது. வெள்ளைத் தாழம்பூ மடல்தான் ஏடு. பித்திகை மொட்டு எழுத்தாணி. செம்பஞ்சுக் குழம்பு மை. அதில் இளவேனில் அரசனாகிறது, நிலவு துன்பம் செய்கிறது. மணமும் நிறமும் அணியும் கூடிய கடிதம். தோழி வசந்தமாலை அதைக் கொண்டுபோய்க் கூலக் கடைத்தெருவில் கோவலனிடம் நீட்ட, அவன் வாங்க மறுக்கிறான். ஆடல்மகள்தானே, இதுவும் அவள் நடிப்பில் ஒன்று என்று திருப்பி அனுப்புகிறான்.

இரண்டாவது கடிதம் மதுரைக்கு அருகில் கௌசிகன் என்ற அந்தணன் கையில் வருகிறது. இதில் அலங்காரம் எதுவும் கிடையாது. உங்கள் அடியில் விழுகிறேன். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, குலமகளோடு இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகும்படி நான் செய்த பிழை என்ன, தெரியாமல் நெஞ்சு தவிக்கிறது, அதைத் தீருங்கள் என்று கேட்கிறாள். அவ்வளவுதான். படித்ததும் கோவலனின் தளர்ச்சி நீங்குகிறது; அவளிடம் தீதில்லை, தீது தன்னுடையதே என்று உணர்கிறான். அதற்குமேல் அவன் செய்வதுதான் உலக இலக்கியத்தில் எங்கும் நான் காணாதது. அதே ஓலையை, ஒரு சொல்லும் மாற்றாமல், தன் தாய் தந்தையிடம் சேர்த்துவிடச் சொல்கிறான். காதலி தன்னிடம் கேட்ட மன்னிப்பு, தான் பெற்றோரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பாகவும் பொருந்திவிடுகிறது. அலங்காரக் கடிதம் தோற்கிறது. வெறும் கடிதம் படித்தவனை வேறு ஆளாக்குகிறது. பக்கம் பக்கமாக விமரிசனம் எழுதுவதற்குப் பதில் இரண்டு கடிதங்களை அடுத்தடுத்து வைத்தே இளங்கோ அதைச் சொல்லிவிட்டார்.

காதல் கோட்டையின் கடிதங்கள் மாதவியின் முதல் கடிதத்தின் இனம். பாட்டும் நிலக்காட்சியும் அவற்றின் தாழம்பூவும் செம்பஞ்சும். விஷயம் உள்ள கடிதம் எப்படியிருக்கும் என்று தெரிந்துகொள்ளப் புதுமைப்பித்தன் மனைவி கமலாவுக்கு எழுதியவற்றைப் புரட்டினால் போதும். பணம் அனுப்ப முடியாத தவிப்பு, உடம்புக்கு முடியாதது, பிரிவின் எரிச்சல், அதற்கு நடுவே பொங்குகிற பிரியம் எல்லாம் கலந்து கிடக்கும். கற்பனைக் கதைகளிலும் உதாரணம் உண்டு. ரித்தேஷ் பத்ராவின் ‘த லஞ்ச்பாக்ஸ்’ 2013-ல் வந்தது. மும்பை டப்பாவாலாக்கள் இடம் மாற்றிக் கொடுத்த சாப்பாட்டு அடுக்கில் துண்டுச் சீட்டுகள் போய்வருகின்றன. உப்பு கூடிவிட்டது என்பதில் தொடங்கி, செத்துப்போன மனைவி பார்த்துச் சிரித்த பழைய டிவி தொடர் வரை அந்தச் சீட்டுகளில் வருகிறது. சீட்டு ஒவ்வொன்றும் எழுதியவரை ஓரடி வெளியே கொண்டுவருகிறது. அவர்கள் கடைசிவரை சந்திக்காமல் போனாலும் நமக்குக் குறை இல்லை, ஏனென்றால் சந்திப்பு ஏற்கெனவே சீட்டுகளில் நடந்து முடிந்துவிட்டது.

இந்தக் குறையைச் சொல்லும்போது அகத்தியன் பக்கம் நின்று பேசுகிறவர்கள் பிசிராந்தையாரைத் துணைக்கு அழைப்பார்கள். உறையூரில் கோப்பெருஞ்சோழன், பாண்டிய நாட்டில் பிசிராந்தையார். பார்க்காமலே நட்பு, வடக்கிருந்த சோழனைத் தேடி வந்து உடன் உயிர்விட்ட நட்பு. அங்கே எந்தக் கடிதம் இருந்தது என்று கேட்பார்கள். நியாயமான வாதம்தான். ஆனால் பிசிராந்தையார் புலவர். சோழன் மனத்தில் அவர் இடம்பிடித்ததற்கு அவருடைய சொல் நம் கையில் சாட்சியாக இருக்கிறது. சோழனின் பாட்டும் புறநானூற்றில் இருக்கிறது. இருவரின் குரலையும் கேட்ட பிறகுதான் அந்த நட்பை நாம் நம்புகிறோம். கமலிக்கும் சூர்யாவுக்கும் அந்தச் சாட்சி கொஞ்சம் குறைவு.

மன்னார்குடியிலிருந்து இதைப் பார்ப்பவனுக்கு இன்னொரு சாட்சியும் பக்கத்திலேயே இருந்தது. திருவாரூர் சாலையில் கூத்தாநல்லூர். இந்தப் பக்கம் முத்துப்பேட்டை. ஆண்கள் சிங்கப்பூர், மலேசியா, பிறகு வளைகுடா என்று போய்விட, கல்யாணமாகிச் சில வாரமே சேர்ந்து வாழ்ந்த பெண்கள் நீலத்தாள் ஏர்மெயிலில் குடும்பம் நடத்திய ஊர்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். வந்ததைப் படித்தும் காட்டினார்கள். மாமியார் பக்கத்தில் இருக்க, பிள்ளை வாயால் படிக்கப்படும் கடிதத்தில் புருஷன் பெண்டாட்டிக்கு என்ன சொல்லிவிட முடியும்? ஆனாலும் சொன்னார்கள். கிணற்றடி வாழை குலை தள்ளிவிட்டதா என்ற விசாரிப்பில் ஏக்கம் முழுவதும் இருக்கும். கேட்கிற ஒருத்திக்கு மட்டும் அது விளங்கும். காவிரிக் கடைமடையில் கடிதக் காதல் இப்படித்தான் வாழ்ந்தது. அதைப் பார்த்து வளர்ந்த மண்ணின் இயக்குநர், தன் நாயகிக்கு ஒரு வாழைக்குலையைக்கூடக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இனிப் படத்தின் பிற்பாதி. இங்கேதான் காதல் கோட்டை ஒரு பெரிய கேள்விக்கு முன்னால் வந்து நிற்கிறது. கடிதத்தில் உயிராக இருப்பவன் எதிரே ஆட்டோக்காரனாக இருக்கிறான், அவளுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரியவில்லை. பார்வையாளருக்கு மட்டும் தெரியும். ஒரே ஆட்டோவில் முன்னும் பின்னும் உட்கார்ந்து, ஒருவரையொருவர் தேடுகிறார்கள். இந்தப் பகுதியின் பதற்றத்தைத் தமிழ் ரசிகர்கள் நகம் கடித்து அனுபவித்தார்கள். அந்த அனுபவம் போலி இல்லை. கட்டுமானத்தில் அகத்தியனின் கை அங்கே உறுதியாக இருக்கிறது. அவசரமில்லாமல், இருவரையும் நூலிழையில் தவறவிட்டுத் தவறவிட்டு நகர்த்துகிறார்.

கேள்வி இது: தாளில் பிறந்த காதல், உடம்போடும் குரலோடும் கோபத்தோடும் நேரில் நிற்கிற மனிதனைத் தாங்குமா? கமலி நேசித்தது ஒரு கையெழுத்தை. ஆட்டோவில் அவள் பார்த்தது காக்கிச் சட்டை போட்ட ஓர் ஆளை. அந்த இருவரையும் தனக்குள் அவள் ஒன்றாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், ஒரு காட்சி வேண்டும், கொஞ்சம் வலியும் வேண்டும்.

இதே முடிச்சை ஹாலிவுட்டில் எர்ன்ஸ்ட் லுபிட்ச் 1940-ல் கையாண்டார். ‘த ஷாப் அரவுண்ட் த கார்னர்’ என்ற அந்தப் படத்துக்கு மூலம் ஹங்கேரிக்காரர் மிக்லோஸ் லாஸ்லோவின் நாடகம். ஒரே கடையில் வேலை பார்க்கும் இருவர்; நேரில் எலியும் பூனையும், பெயர் தெரியாத கடிதங்களில் காதலர். லுபிட்ச் செய்த வேலை என்னவென்றால், உண்மையை ஆணுக்கு முன்னதாகவே தெரியவைத்துவிட்டார். அதன்பிறகு படத்தின் பாரம் முழுவதும், கடிதக்காரனையும் கடைச் சிப்பந்தியையும் அவள் மனத்தில் அவன் எப்படி ஒட்டவைக்கிறான் என்பதில் விழுகிறது. ரகசியம் உடைகிற இடத்தில் அவள் இருவரையும் விரும்பத் தொடங்கியிருக்கிறாள். அகத்தியன் அந்தப் பாதையில் போகவில்லை. கடைசி நிமிடம் வரை இருவரையும் இருட்டில் வைத்து, ஸ்வெட்டரைக் காட்டி, கட்டித் தழுவ வைத்துப் படத்தை முடித்துவிடுகிறார். அடையாளம் கண்டுகொண்டதே அறிந்துகொண்டதாகிவிடுகிறது.

மாதவியின் இரண்டாவது ஓலையில் ஓர் இலச்சினை உண்டு. மண் முத்திரையில் தன் கூந்தலைப் பதித்து அனுப்புகிறாள். பிரிப்பதற்கு முன்பே கூந்தலின் நெய்வாசம் கோவலனுக்கு அவளை நினைவூட்டிவிடுகிறது. கமலியின் ஸ்வெட்டரும் அப்படிப்பட்ட இலச்சினைதான். அவள் கைபட்டது, அவன் உடம்பில் கிடப்பது. நல்ல கற்பனை, சினிமாவுக்கு மிகப் பொருத்தமான கற்பனை. ஆனால் கோவலன் வாசத்தோடு நிற்கவில்லை. முத்திரையை உடைத்துப் படித்தான். படித்த பிறகுதான் அவனுக்குள் ஏதோ நடந்தது. காதல் கோட்டை முத்திரை வரை வந்து திரை விழுகிற கதை.

இந்தக் குறையை மன்னிக்கலாம் என்போர், 100 பேரில் 99 பேருக்கு அந்தத் தழுவல் போதுமானதாக இருந்ததே என்பார்கள். போதுமானதாக இருந்தது உண்மை. அந்தக் கணம் வரை இயக்குநர் சேர்த்து வைத்திருந்த ஏக்கம் அவ்வளவு. இருந்தாலும் அது காத்திருப்பு தீர்ந்த நிம்மதி. அந்த நிம்மதி தரும் கண்ணீரை, ஒருவரை முழுதாக அறிந்துகொண்டதன் கண்ணீராக எடுத்துக்கொண்டோம்.

வந்த காலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1996 என்பது தபாலின் கடைசி வீச்சு. தெருமுனையெல்லாம் எஸ்டிடி பூத். இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பு 1995-ல் பேசி முடித்தாகிவிட்டது. 1999-ல் கதிர் இயக்கிய ‘காதலர் தினம்’ வந்தபோது முகம் தெரியாத காதல் கம்ப்யூட்டர் திரைக்குப் போய்விட்டது. அதோடு ஒப்பிட்டால் காதல் கோட்டை எவ்வளவோ மேல். அங்கே இணையம் ஒரு புதுப் பொம்மை. இங்கே தபால் இருவரின் வாழ்க்கை நிலையிலிருந்து வருகிறது. ஊர்விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் இளைஞன், வேலையில்லாமல் அக்கா வீட்டில் ஒதுங்கிய பெண், இருவருக்கும் தபால்தான் கைக்கெட்டிய வாசல்.

ஒரு சான்றை மட்டும் தீர்ப்புக்கு முன்னால் வைக்கிறேன். அகத்தியனே இந்தக் கதையை ‘சிர்ஃப் தும்’ என்று 1999-ல் இந்தியில் எடுத்தார். கதை அங்கேயும் நின்றது. ஏற்பாடு அவ்வளவு உறுதி என்பதற்கு அது நிரூபணம். அதேசமயம், தமிழில் எழுதிய கடிதங்கள் இந்திக்குப் போனபோது எதையும் இழக்கவில்லை. இழப்பதற்கு அவற்றில் அந்த மொழிக்கும் அந்த ஆளுக்கும் மட்டுமே உரியதாக எதுவும் இருக்கவில்லை. மாதவியின் ஓலையை அப்படி இடம் மாற்றிப் பார்க்க முடியாது.

ஆகவே கடிதத்தில் பிறந்த காதல் என்ற உரிமைகோரலை நான் ஏற்கவில்லை. அந்தக் காதல் சான்றிதழ்களைத் திருப்பி அனுப்பியதில் பிறந்தது, ஸ்வெட்டரில் முடிந்தது. இடையில் இருக்க வேண்டிய கடிதங்களின் இடத்தைப் பாட்டும் நிலக்காட்சியும் நிரப்பின. திரைக்கதை விருது முழுக்கத் தகும். நாணயத்தைக் காதலின் தகுதியாக்கியதற்காக அந்த முதல் அரைமணி நேரம் தமிழ் சினிமாவின் சிறந்த காதல் தொடக்கங்களில் ஒன்று என்று தயங்காமல் எழுதுவேன். கடிதக் காதல் என்ற வகையில் அதைத் தலைக்கல்லாக நிறுத்தி, பின்னால் வந்தவை எல்லாவற்றையும் அதை வைத்து அளக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். இனி ஒருவர் இந்த வகையில் தமிழில் நாவல் எழுத உட்கார்ந்தால், அகத்தியனின் முதல் உறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது உறைக்கு அவர், மாதவியின் இரண்டாவது ஓலை வருகிற புறஞ்சேரி இறுத்த காதையைத்தான் படிக்க வேண்டும்.